வெள்ளைப் பூனையின் காது

1947 ஏப்ரல் 9, புதன்கிழமை, காலை பத்து மணி இருபது நிமிடம். வானத்தில் மேகம் இல்லை. கடற்காற்று இன்னும் எழவில்லை. மயிலாப்பூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில், வடாம் காயும் வேஷ்டிக்குப் பக்கத்தில் தும்பை என்ற எங்கள் வெள்ளைப் பூனை படுத்திருந்தது. அதன் இடது காது நுனியில் கடுகளவு பொருக்கு ஒன்றைக் கண்டேன். தொட்டதும் தலையை உதறியது. வேஷ்டியில் மூன்று சொட்டு ரத்தம்.

வெள்ளைப் பூனை வளர்ப்பவர்கள் அந்தப் பொருக்கை அலட்சியம் செய்ய வேண்டாம். நாங்கள் அதைச் சொறி என்று எண்ணினோம்.

"வேப்பெண்ணெய் தடவி வெயில்ல விடுங்கோ, காஞ்சுடும்" என்றாள் என் மனைவி. எங்கள் குழந்தைகளின் சிரங்குக்கும் அதைத்தான் செய்தாள். ஐந்து பேரும் நன்றாக இருக்கிறார்கள். ஆகவே தினமும் எண்ணெய் தடவி மாடியில் விட்டேன். பூனையும் முரண்டு பிடிக்கவில்லை. வெயில் என்றால் அதற்கு அவ்வளவு பிரியம்.

பொருக்கு உதிரும். ஆறிவிட்டது என்போம். இரண்டே நாளில் முன்னைவிடப் பெரிதாக வரும். மே மாதக் கடைசியில் காதின் ஓரம் எலி கொறித்ததுபோல் குறைந்திருந்தது. வலது காதும் சிவந்துவிட்டது.

கூடையில் வைத்து, ஜட்கா பிடித்து, கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

"கூடைல இன்னா கீது, சாமி?" என்றான் வண்டிக்காரன். சொன்னேன்.

"பூனைக்கா! என் குதிரையே அந்த வாசப்படிய மிதிச்சதில்ல."

டாக்டர் இளைஞர். காதை விளக்கடியில் வெகுநேரம் பார்த்தார்.

"எங்கே படுக்கும்?"

"மொட்டை மாடியில். தினம் நாலரை மணி நேரம்."

"எத்தனை வருஷமா?"

"ஆறு."

"இவ்வளவு கணக்கு வச்சிருக்கீங்களே சார், ஒரு நாள் உள்ளே தூக்கிப் போட்டிருக்கலாம்."

பிறகு விளக்கினார். மயிர் மெலிந்து தோல் வெளுத்த இடத்தில் வெயில் வருஷக்கணக்கில் பட்டால் புற்று (தோலின் அணுக்கள் அடங்காமல் பெருகித் தசையை அரிக்கும் நோய்) கண்டுவிடும். இரண்டு காதையும் எடுத்தால் பிழைக்க வழியுண்டு.

"மூக்கும் வெளுப்புதானே?" என்றேன்.

"அதைப் பார்த்துக்கிட்டே இருங்க."

ஈதர் (முகரவைக்கும் மயக்க மருந்து) கொடுத்து வெட்டினார்கள். பதினோராம் நாள் தையல் பிரித்தார்கள். உயிர் பிழைத்தது. காதில்லாத தலை உருண்டையாக, வேறேதோ பிராணியுடையதுபோல் இருக்கிறது. முன்பு காதைப் பார்த்தே அறிவேன்; அதற்குக் கோபமா, பயமா என்று இப்போது எனக்குத் தெரிவதில்லை.

காலை எட்டு முதல் மாலை ஐந்து வரை ஜன்னல்களுக்குத் தட்டி. எங்கள் பொழுது ஐந்துக்குமேல்தான் விடிகிறது. பத்து மணிக்குத் தும்பை மாடிக் கதவடியில் நின்று கத்துகிறது. அங்கே இடுக்கு வழியே விரலகல வெயில் விழுகிறது. அது நகர நகர, பூனையும் நகர்ந்து, சரியாக மூக்கை அதில் வைத்துக்கொள்கிறது. நான் எழுந்து போய்த் தூக்குகிறேன்.

நேற்று மூக்கில் ஏதோ ஒட்டியிருந்தது. ஈரத்துணியால் துடைத்தேன். பாலாடைதான். துடைத்த பிறகும் விளக்கடியில் கொண்டுபோய் மறுபடி பார்த்தேன்.

வண்டிக் கூலி, வெட்டியதற்கு, மருந்து, தட்டி எல்லாம் சேர்த்து, இன்றுவரை இருபத்திரண்டு ரூபாய் ஆறணா.