டிவியில் வந்த அல்சேஷனும் எங்கள் ராசாவும்

எங்கள் வீட்டுக்கு நாய்க்குட்டி வந்தது ஒரு வயர் கூடையில். கங்கைகொண்டானில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்த மாமா, அதாவது அம்மாவின் தம்பி, கூடையைத் துண்டால் மூடி, பஸ் மாறி பஸ் ஏறி விக்கிரமசிங்கபுரம் வந்து சேர்ந்தார். மாம்பழம் என்று நினைத்துக் கை நீட்டிய அம்மா, துண்டு அசைந்ததும் ஒரு சத்தம் போட்டாள். பக்கத்து வீட்டுக் குழாயடியில் நின்றவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள்.

"அசல் அல்சேஷன்க்கா. இதோட அப்பன் போலீஸ்ல வேலை பாக்கு" என்றார் மாமா.

அப்பன் போலீஸில் இருந்ததற்கான எந்த அடையாளமும் குட்டியிடம் இல்லை. காது இரண்டும் தொங்கிக்கொண்டிருந்தன. வயிறு உருண்டையாக இருந்தது. இறக்கிவிட்டதும் நேராக என் காலடிக்கு வந்து, என் பாவாடை நுனியை வாயில் வைத்துக்கொண்டு அப்படியே தூங்கிப்போனது. ஐந்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த எனக்கு அதற்குமேல் என்ன வேண்டும்? இந்தக் குட்டி இல்லாமல் இனி உயிர் வாழ முடியாது என்று அந்த நிமிடமே முடிவு செய்துவிட்டேன்.

அம்மாவின் முடிவு வேறாக இருந்தது. சோற்றில் முடி விழும், பூஜை அறைக்குள் போகும், யாரையாவது கடித்து வைத்தால் யார் பதில் சொல்வது என்று அடுக்கிக்கொண்டே போனாள். அப்பா பேப்பரைப் பிரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். அப்பாவுக்கு மில்லில் நூலின் பலம் பார்க்கும் வேலை. நூலை இழுத்து, எவ்வளவு எடையில் அறுகிறது என்று குறித்துவைப்பார். அம்மாவின் பொறுமையை மட்டும் அப்படி இழுத்துப் பார்க்கும் துணிச்சல் அவருக்கு வந்ததில்லை.

அழுகையும் சாப்பிட மறுப்பதுமாக நான் நடத்திய போராட்டத்தின் முடிவில் ஒரு சமரசம் ஏற்பட்டது. தீர்ப்பை டிவி சொல்லட்டும் என்றாள் அம்மா.

எங்கள் வீட்டு டிவி போனஸில் வாங்கியது. அதற்கு அம்மாவே பூ வேலை செய்து உறை தைத்திருந்தாள். மழை வரலாம் என்று அதில் சொன்னால், வெயில் பொசுக்கிக்கொண்டிருந்தாலும் மாடிக்குப் போய் வத்தலை அள்ளி வந்துவிடுவாள். சமையல் நிகழ்ச்சியைப் பார்த்துச் செய்த அல்வா ஒருமுறை சரியாக வந்துவிட்டதிலிருந்து டிவியின் வாக்கை அவள் சந்தேகித்ததே இல்லை. கேபிள் வந்த புதிது. ஒரு வெளிநாட்டுச் சானலில் ஞாயிற்றுக்கிழமைதோறும் வாரத்துக்கு ஒரு நாய் இனத்தைப் பற்றிக் காட்டுவார்கள். அடுத்த வாரம் அல்சேஷன் என்று படம் போட்டிருந்தான். அது குடும்பத்துக்கு ஏற்ற நாய் என்று சொன்னால் குட்டி இருக்கலாம். இல்லையென்றால் மாமா அதே கூடையில் திரும்பக் கொண்டுபோய்விட வேண்டும். அதுவரை அதற்குப் பெயர் வைக்கக் கூடாது என்பதும் உத்தரவு.

ஒரே ஒரு சிக்கல். நிகழ்ச்சி முழுக்க இங்கிலீஷ். வீட்டில் இங்கிலீஷ் மீடியம் படிப்பவள் நான் ஒருத்திதான். ஆகவே மொழிபெயர்ப்பாளர் பதவி எனக்குக் கிடைத்தது. சிக்கல் அல்ல, தெய்வச் செயல் என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மாமா வந்துவிட்டார். வயர் கூடை ஆணியில் தொங்கியது. அம்மா மொச்சை உரித்தபடி டிவிக்கு எதிரே உட்கார்ந்தாள். குட்டி என் மடியில். நிகழ்ச்சி தொடங்கியதும் என் இங்கிலீஷின் நிலைமை எனக்கே தெரிந்துவிட்டது. டிவியில் விளக்கம் சொன்ன ஆள் பேசிய வேகத்தில் "டாக்" என்ற சொல்லைத் தவிர ஒன்றும் பிடிபடவில்லை.

"என்ன சொல்லுதான்?" என்றாள் அம்மா.

வீட்டுக்குள்தான் படுக்க வேண்டுமாம் என்றேன். டிவியில் அந்த நேரம் பார்த்து நாய் பனிக்கட்டியில் புரண்டுகொண்டிருந்தது. அம்மா அதைச் சுட்டிக் காட்டினாள். அது அங்குள்ள வழக்கம், வெயில் ஊர்களில் உள்ளேதான் படுக்க வேண்டும் என்று தனியாகச் சொல்லியிருக்கிறான் என்றேன். தயிர்ச்சோறு என்றால் அதற்கு உயிர் என்றேன். சத்தம் போட்டுத் திட்டினால் காய்ச்சல் வந்துவிடும் என்றும் சேர்த்துக்கொண்டேன். அம்மா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். எனக்குத் தைரியம் ஏறிக்கொண்டே போனது.

அப்போதுதான் வினை வந்தது. கையில் தலையணை மாதிரி எதையோ கட்டிக்கொண்டு ஒரு ஆள் ஓடினான். அல்சேஷன் பின்னாலேயே பாய்ந்து, அந்தக் கையைக் கவ்வி, ஆளையே சுழற்றி அடித்தது.

அம்மாவின் கையிலிருந்து மொச்சை உருண்டது. "ஏட்டி, அது ஏன் அந்த ஆளக் கடிச்சு இழுக்கு?"

எனக்கு வியர்த்துக் கொட்டியது. மாமா ஆணியில் தொங்கிய கூடையைப் பார்த்தார். நான் அப்பாவைப் பார்த்தேன். பார்த்த மாத்திரத்தில் பதில் வந்து விழுந்தது.

"அது துணி மில்லுல வேலை பாக்குத நாயிம்மா. துணி கெட்டியா இருக்கான்னு கடிச்சு இழுத்துப் பாக்கு. அப்பா நூலை இழுத்துப் பாக்காங்கல்லா, அது மாதிரி."

அப்பா துண்டை எடுத்து முகத்தை நன்றாக அழுத்தித் துடைத்தார்.

"ஆமா, வெளிநாட்டுல அப்படியும் ஒரு முறை உண்டு" என்றார் துண்டுக்குள்ளிருந்து.

மாமாவுக்கு இருமல் வந்து, எழுந்து புறவாசலுக்குப் போய்விட்டார். அம்மா டிவியைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். பிறகு எழுந்து, ஆணியிலிருந்த கூடையை எடுத்து, மூலையில் குவிந்து கிடந்த வெங்காயத்தை அதில் அள்ளிப் போட்டாள்.

"படிச்ச பிள்ள சொல்லுதா. இருந்துட்டுப் போட்டும்" என்றாள். அதோடு நிற்கவில்லை. "ராசா, இங்கன வா" என்று குட்டியைக் கூப்பிட்டாள். ஒரு வாரமாக அந்தப் பெயரைச் சொல்லிப் பழகியவள் மாதிரி கூப்பிட்டாள். அதைக் கவனிக்கிற நிலையில் நான் இல்லை. சந்தோஷத்தில் வீட்டைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தேன்.

ராசா வளர்ந்தான். வளர வளர நிமிரும் என்று மாமா சத்தியம் செய்த காதுகளில் ஒன்றே ஒன்று, அதுவும் தயிர்ப்பானை திறக்கும் சத்தத்துக்கு மட்டும், பாதி நிமிர்ந்தது. அல்சேஷனின் காவல் திறமையை மாமா எத்தனையோ பேரிடம் அளந்திருந்தார். பாபநாசம் மலையிலிருந்து குரங்குகள் இறங்கிவந்து கொடியில் காயும் துணியை இழுத்தால் ராசா கட்டிலுக்கு அடியில் போய்விடுவான். தபால்காரர் வந்தால் மல்லாந்து படுத்து வயிற்றைக் காட்டுவான். டிவியில் கண்டது ஒன்றும் அவனிடம் பலிக்கவில்லை. நான் வாய்க்கு வந்தபடி அளந்தது மட்டும் ஒன்று விடாமல் பலித்தது. வீட்டுக்குள், அம்மாவின் காலடியில்தான் படுத்தான். தயிர்ச்சோறு தவிர வேறு எதையும் மோந்துகூடப் பார்க்கவில்லை. அம்மா அவனை ஒருநாளும் சத்தம் போட்டுத் திட்டியதில்லை. என் வாக்குக்கு ஏதோ சக்தி இருக்கிறது என்று பல வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன்.

நான் பிளஸ் டூ படிக்கும்போது அதே நிகழ்ச்சியைத் தமிழில் போட்டார்கள். கையில் தலையணை கட்டிய அதே ஆள் ஓடினான். திருடனைக் கவ்விப் பிடிக்க நாய்க்குக் கொடுக்கும் பயிற்சி இது என்று கணீரென்ற குரலில் ஒருவர் விளக்கத் தொடங்கினார். பதறிப்போய் சானலை மாற்ற எழுந்தேன்.

"இருக்கட்டும், மாத்தாத" என்றாள் அம்மா. ராசா அவள் பாதத்தில் தலை வைத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். "இந்தத் தடவையாவது துணி தேறுதான்னு பாப்போம்."

அப்பா துண்டைத் தேடினார்.

அப்போதே தெரியுமா என்று கேட்டேன்.

"அந்த ஆளு ஓடுன ஓட்டத்தப் பாத்தா தெரியாதாக்கும்? வேண்டாம்னு சொன்ன வாயால நான் எப்படி வேணும்னு சொல்லுதது? நீதான் வேர்த்து ஊத்த ஊத்தச் சொல்லிக்கிட்டு இருந்தியே."

படம் பார்ப்பதற்கு மொழிபெயர்ப்பாளர் எதற்கு என்பது அந்த வயதில் எனக்குத் தோன்றவே இல்லை. நான் டிவியையே பார்த்துப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்த அந்த அரை மணி நேரமும் அம்மா யாரைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று ஒருமுறைகூடக் கவனிக்கவில்லை.