நடுவர் குடித்த கூழ்

சென்னையில் சட்டம் படித்த நாளில் ஃபரூக் சூயஸ் கால்வாயைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் விடுதியில் பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள். சர்வதேசச் சட்டம் சோறு போடுமா என்று கேலி செய்வார்கள். போடும் என்பான் இவன். டில்லியில் வெளியுறவு இலாகா இருக்கிறது, நியூயார்க்கில் ஐக்கிய நாடுகள் சபை இருக்கிறது, ஹேக் நகரத்தில் உலக நீதிமன்றம் இருக்கிறது, ஒன்றும் வாய்க்காவிட்டால் பம்பாயில் கப்பல் கம்பெனிகள் இருக்கின்றன. கேலி செய்தவர்களில் ஒருவன் கப்பல் கம்பெனிக்கே போய்ச் சேர்ந்தான். ஃபரூக் வாணியம்பாடிக்குத் திரும்பி, தாய்மாமன் அமீனுல்லாவின் தோல் ஷாப்புக்காக ஜவ்வாது மலையில் கடுக்காய் வாங்கிக்கொண்டிருந்தான். தோல் பதப்படுத்தக் கடுக்காய் வேண்டும். அதற்கு ஒரு ஆள் மலையேற வேண்டும். படித்த ஆள் என்றால் விலக்கா என்ன?

அப்படியே நாலைந்து வருஷம் ஓடிவிட்டது. முழங்கால் வலிக்கு அவன் வயதில் ஒரு நியாயமும் இல்லை, ஆனாலும் வலித்தது. அறுபதாம் வருஷம் தை மாதம் டில்லியிலிருந்து நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. இலாகாவின் சட்டப் பிரிவில் வேலை. அடுத்த வருஷம் வயது தாண்டிவிடும் என்பதால் இதை விட்டால் வேறு கிடையாது.

"மூட்டையெல்லாம் கீழ எறங்கட்டும், பேட்டா. அப்புறம் டில்லிக்கு இன்னா, லண்டனுக்கே போய்ட்டு வா" என்றார் மாமா.

மூட்டை இறங்குவதாகத் தெரியவில்லை. மலையில் கோபால் கவுண்டருடைய ஊரார் கடுக்காய் பொறுக்கி வைத்திருந்தார்கள். பொதிக் கழுதைகள் பக்கத்து ஊர் நிலத்தைத் தாண்டித்தான் இறங்க வேண்டும். போன வருஷம் கழுதைகள் சாமையை மேய்ந்துவிட்டன என்று அந்த ஊர்ப் பெரியவர் பஞ்சாட்சரம் வழியில் முள் வெட்டிப் போட்டுவிட்டார். இரண்டு பக்கமும் பேசி, கடுக்காய் வாங்க வரும் சாயபு ஃபரூக்கே நடுவராக இருக்கட்டும் என்று ஒப்புக்கொண்டன. நடுவருக்கு அங்கே ஒரே ஒரு கட்டுப்பாடு. பேச்சு முடிகிறவரை இரண்டு ஊரிலும் பச்சைத் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கக் கூடாது. ஃபரூக்குக்கு அது நன்றாகத் தெரியும்.

பேச்சு நாளன்று உச்சி வெயிலில் ஏறி வந்தான். கண் இருட்டிக்கொண்டு வந்தது. கோபாலின் மனைவி மங்கம்மாள் வேலியோரம் நின்றிருந்தாள்.

"இன்னா சாயபு, மூஞ்சி இப்டி வெளுத்துக் கெடக்குது?" என்று ஒரு சொம்பு கூழை நீட்டினாள். யோசிக்கிற தெம்பு அவனுக்கு இல்லை. வாங்கி மடமடவென்று குடித்துவிட்டான். படித்த படிப்பெல்லாம் அந்த ஒரு சொம்புக்கு முன்னால் எங்கே போயிற்றோ.

சாயபு தன் வீட்டில் கூழ் குடித்த பெருமையை மங்கம்மாள் ஓடைக்கரையில் சொல்லிவிட்டாள். அது அடுத்த ஊருக்கு நடந்துபோக எவ்வளவு நேரமாகும்? சபையில் பஞ்சாட்சரம் கோபப்படவில்லை.

"எங்க வூட்டுக் கூழு கசக்குங்களா, சாயபு?" என்று மட்டும் கேட்டுவிட்டுத் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார்.

வேறு நடுவரை மலையின் அந்தக் கோடியிலிருந்து அழைத்து வர வேண்டும், புதன்கிழமைதான் பேச்சு என்று ஆயிற்று. டில்லியில் நேர்காணலும் அதே புதன்கிழமை. ஃபரூக் அன்றே இறங்கிவிடலாம் என்று செருப்பை மாட்டினான். கோபால் வந்து எதிரில் நின்றார்.

"எங்க கூழைக் குடிச்சிட்டீங்க. இனிமே நீங்க எங்க ஆளு. நீங்க பூட்டா, நடுவரைக் கூழு குடுத்துக் கெடுத்து ஓட்டிட்டானுங்கன்னு சொல்லுவாங்க. அப்புறம் எங்களுக்கு வழி கெடைக்காதுங்க. இத்தினி கடுக்காயும் இங்கயே மக்கிப் பூடும்."

போயிருக்கலாம். யாரும் கையைப் பிடித்து இழுக்கவில்லை. ஃபரூக் செருப்பைக் கழற்றினான்.

புதன்கிழமை புது நடுவர் முன்னால் அவன் கோபாலின் ஊருக்காகப் பேசினான். இந்திய நிலத்தின் நடுவே இருந்த தன் ஊர்களுக்குப் போக வழி வேண்டும் என்று போர்ச்சுகல்காரன் அப்போது ஹேக் நகரத்தில் வழக்காடிக்கொண்டிருந்தான். டில்லியில் கேட்டால் இந்தியாவின் பக்கம் பேச வேண்டுமென்று ஃபரூக் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்து வைத்திருந்தான். மலையில் பேசியதென்னவோ போர்ச்சுகல்காரன் வாதத்தை. தலைமுறை தலைமுறையாக நடந்த வழி இது, கழுதைக்கு வாய்க்கூடை கட்டித்தான் ஓட்டுவோம், பயிர் இருக்கிற மாதங்களில் ஓடையோரமாகச் சுற்றிப் போவோம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். புது நடுவர் பஞ்சாட்சரத்தின் பக்கம் திரும்பி, சம்மதமா என்று கேட்டார். பஞ்சாட்சரம் முள்ளை அகற்றச் சொன்னார்.

மங்கம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. கழுதைகள் பொதியோடு இறங்கத் தொடங்கின. ஃபரூக் ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்தான். டில்லியில் இந்நேரம் அவன் பெயரைக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு அடுத்தவனை அழைத்திருப்பார்கள். அழுகை வரும் என்று எதிர்பார்த்தான். வந்தது தூக்கம்தான், அதுவும் நல்ல தூக்கம். டில்லி கைவிட்டுப் போனது வலிக்கவே இல்லையே என்று அவனுக்குப் பயமாக இருந்தது.