வருஷம் திரும்பாத வீட்டிலிருந்து ஒரு கிறிஸ்துமஸ் தாத்தா

கொச்சி மட்டாஞ்சேரியில் மெத்தைக்கார அண்ணாச்சி கடை என்று சொன்னால் எந்த ஆட்டோக்காரனும் வழி கேட்க மாட்டான். அந்தக் கடையை உண்டாக்கியவன் நான். தென்காசிப் பக்கத்திலிருந்து, பஞ்சு அடிக்கிற வில்லைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தேன். படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. நான் மலையாளம் பேசினால் சிரித்தார்கள். சிரித்தவர்கள் வீட்டுக் கட்டிலில் எல்லாம் இன்று என் மெத்தைதான் கிடக்கிறது. வெலிங்டன் தீவில் கப்பல்காரர்கள் தங்குகிற விடுதிகளுக்கு மெத்தை போட்டவன் நான். வைப்பின் தீவுக் கல்யாண வீடுகளுக்குப் படகில் மெத்தை ஏற்றிக்கொண்டு போகும்போது மழை பிடித்தால், சட்டையைக் கழற்றி மெத்தைக்குப் போர்த்திவிட்டு வெறும் உடம்போடு நனைந்தவன் நான். கீழே கடை, மேலே வீடு. ஒரு செங்கல்கூட அடுத்தவன் கொடுத்ததில்லை. மகனைக் காலேஜ் வரை படிக்க வைத்தேன். தற்பெருமை என்று சொல்வார்கள். சொல்லட்டும். நான் செய்ததை நான் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்கள்?

இன்னொன்று உண்டு. இந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களுக்கு வேஷத்துக்கு வயிறு தைத்துக் கொடுக்க ஆரம்பித்தவனும் நான்தான். ஓணத்துக்கு மாவேலி என்கிற மகாபலி ராஜா, டிசம்பரில் கிறிஸ்துமஸ் தாத்தா. இரண்டு பேருக்கும் தொந்தி இல்லாமல் முடியாது. முன்பெல்லாம் வீட்டுத் தலையணையைக் கயிறு போட்டுக் கட்டி அனுப்புவார்கள். ஊர்வலம் பாதி வழி போவதற்குள் மாவேலியின் வயிறு முழங்காலுக்கு இறங்கிவிடும். மகாராஜா ஒரு கையால் ஜனங்களை ஆசீர்வதிப்பார், மறு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடப்பார். அதைப் பார்த்துவிட்டு நான் இலவம்பஞ்சு அடைத்து, தோளுக்கும் இடுப்புக்கும் நாடா வைத்து ஒரு வயிறு தைத்தேன். அசையும், நழுவாது. அதற்கப்புறம் டீச்சர்மார் போன் போட்டு, "அண்ணாச்சி, நாலு வயிறு வேணும்" என்று கேட்பது இந்த ஊரில் சாதாரணம். அளவு பார்க்க என் மகனை நிறுத்துவேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு, இரண்டு கையையும் விரித்து நிற்பான்.

அவன் போன ஆடியில் செத்துப்போனான். காலையில் கடை ஷட்டரைத் தூக்கக் குனிந்தவன் அப்படியே உட்கார்ந்தான். நான் எதிர்க்கடையில் சாயா குடித்துக்கொண்டிருந்தேன். முதுகு வலிக்கிறதாக்கும் என்று நினைத்தேன். கிளாஸைக் கீழே வைத்துவிட்டு ரோட்டைத் தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

எங்கள் ஆட்களில் ஒரு சாவு விழுந்தால் வருஷம் திரும்புகிற வரை அந்த வீட்டில் பண்டிகை கிடையாது. புதுத்துணி கிடையாது, எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறாது. ஓணத்தன்று பள்ளிக்கூடத்தில் வேஷமும் சத்தமுமாக இருக்கும் என்று, மருமகள் டீச்சருக்குப் போன் செய்து எங்கள் வழக்கத்தைச் சொல்லிவிட்டு, பேத்தியை வீட்டிலேயே வைத்துக்கொண்டாள். பேத்தி இரண்டாம் வகுப்பு. அன்றைக்கு அவள் ஒன்றும் கேட்கவில்லை. குழந்தைகள் தினம் வந்தது. மற்றப் பிள்ளைகள் கோட்டும் ரோஜாப்பூவும் தலைப்பாகையுமாக மேடையில் ஏறின. இவள் யூனிஃபார்மில் ஓரமாக உட்கார்ந்து எல்லோருடைய தண்ணீர் பாட்டிலுக்கும் காவல் இருந்தாளாம். அதையும் அவள் குறையாகச் சொல்லவில்லை. எந்தப் பாட்டில் யாருடையது என்று தனக்குத் தெரியும் என்றுதான் சொன்னாள்.

டிசம்பரில் கடையில் நான் வயிறு தைத்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் வந்து நின்றாள்.

"தாத்தா, இது யாருக்கு?"

"உங்க ஸ்கூலுக்குத்தான்."

"எங்க கிளாஸ்ல எல்லாருக்கும் வேஷம் உண்டு. எனக்கு மட்டும் இல்ல." கொஞ்சம் பஞ்சை எடுத்து ஊதினாள். "அப்பா செத்தது எல்லாரும் மறந்ததுக்கு அப்புறம் எனக்கு வேஷம் கிடைக்குமா?"

நான் ஊசியைத் துணியில் குத்திவிட்டு எழுந்தேன். மறுநாள் காலையில் பள்ளிக்கூடத்தில் நின்றேன்.

அந்த டீச்சர் நல்லவர். அதை மறைக்க மாட்டேன். மலையாளத்துக்கு நடுவே தமிழை ஒட்டுப்போட்டு என்னிடம் பேசுவார். "அண்ணாச்சி, குட்டியோட அம்மா ஓணத்துக்கே சொன்னாங்களே, ஒரு வருஷம் ஆகோஷம், கொண்டாட்டம் ஒண்ணும் கூடாதுன்னு. அதான் ஞான் அவளுக்கு வேஷம் கொடுக்கல. பாவம் அல்லே? முன் வரிசையில தனியா ஒரு சீட் போட்டிருக்கேன்."

"சீட் வேண்டாம் டீச்சரே. மத்தப் பிள்ளைகளோட நிக்க வையுங்க."

"பெண்குட்டிகள் எல்லாம் தேவதை. சிறகு எல்லாம் கொடுத்துத் தீர்ந்துபோச்சு அண்ணாச்சி."

"அவளுக்குச் சிறகு வேண்டாம். கிறிஸ்துமஸ் தாத்தாவா விடுங்க."

"பெண்குட்டியா?"

"தாடி வெச்சா யாருக்குத் தெரியும்? வயிறு என்கிட்ட இருக்கு."

டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு சிரித்தது தப்போ என்பது போல என் முகத்தைப் பார்த்தார். சரி என்றார்.

பள்ளிக்கூடத்தை மடக்கியது பெரிய காரியம் இல்லை. வீட்டில்தான் மலை. மருமகள் அடுப்படியில் திரும்பி நின்றுகொண்டே பேசினாள்.

"வேண்டாம் மாமா. எங்க அண்ணன் கேட்டா நான் என்ன சொல்லுவேன்? புருஷன் போய் வருஷம் திரும்பல, பிள்ளைக்கு வேஷம் கேக்குதோன்னு சொல்லுவாவ."

"நான் சொன்னேன்னு சொல்லு."

"நீங்க சொன்னீயன்னு யாரு நம்புவா? பெத்தவளைத்தான் சொல்லுவாவ."

அவளைத் தப்பு சொல்ல மாட்டேன். தீபாவளிக்கு ஒரு வடைகூடச் சுட வேண்டாம் என்று தடுத்தவன் நான்தான். என் மகன் துக்கம் எனக்கு இல்லையா? ஆனால் பஞ்சை ஊதிக்கொண்டே அந்தப் பிள்ளை கேட்டது என் காதை விட்டுப் போகவில்லை. எர்ணாகுளம் பிராட்வே கடைத்தெருவுக்குப் போய் வாடகைக்கு ஒரு சிவப்புச் சட்டையும் குல்லாவும் தாடியும் எடுத்துவந்தேன். "இந்தா பாரும்மா, ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் போட்டுக் கழற்றினது. இதில் எங்கே இருக்கு புதுத்துணி?" என்றேன். அவள் அதைக் கையில் வாங்கினாள். சட்டையின் காலரை மட்டும் சோப்புப் போட்டுத் துவைத்துக் காயப்போட்டாள். அவ்வளவுதான் அவள் செய்தது.

வயிற்றுக்கு அளவெடுக்கப் பேத்தியை நிறுத்தினேன். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, மூச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டு கையையும் விரித்து நின்றாள். நான் நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் வேறு எங்கோ பார்த்தேன்.

"தாத்தா, கை வலிக்கி" என்றாள்.

விழா அன்று நான்தான் அழைத்துப்போனேன். மருமகள் வரவில்லை. மேடையில் வெள்ளைச் சிறகுப் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். அவர்களுக்கு நடுவே மணியை ஆட்டிக்கொண்டு கிறிஸ்துமஸ் தாத்தாக்கள் வந்தார்கள். மற்ற இரண்டு பையன்களுக்கும் வெட்கம். இவள் வயிற்றை முன்னால் தள்ளி, குலுக்கிக் குலுக்கி நடந்தாள். கூட்டம் சிரித்தது. அதைப் பார்த்து அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது, தாடி நழுவிற்று, அதைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஆடிக்கு அப்புறம் அவள் சத்தமாகச் சிரித்து நான் கேட்டது அன்றைக்குத்தான். என் வயிறு நழுவவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

முடிந்ததும் பிள்ளைகள் தத்தம் அப்பா அம்மாவிடம் ஓடின. இவள் நேராக என்னிடம் வந்து முன்னால் நின்றாள்.

"நல்லா இருந்துச்சு கண்ணு" என்றேன்.

நகரவில்லை. தாடியோடு, குல்லாவோடு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்ன, தாகமா?"

"தாத்தா, யாருன்னு கேளு."

எனக்குப் புரியவில்லை. அவளே சொன்னாள். போன வருஷம் வரை வேஷம் போட்டால் அவள் அப்பா அவளைத் தெரியாதது போல நடிப்பானாம். யார் நீங்க, என் பொண்ணை எங்கேயாவது பார்த்தீங்களா என்று பள்ளிக்கூடம் முழுக்கக் கேட்டுக்கொண்டு நடப்பானாம். ஒரே வீட்டில் இருந்தும் இது எனக்குத் தெரியாது. நான் வயிறு தைத்து அனுப்பியதோடு சரி, ஒரு விழாவுக்கும் போய்ப் பார்த்ததில்லை.

"யார் நீங்க?" என்று கேட்டேன்.

"கிறிஸ்துமஸ் தாத்தா" என்றாள், குரலைக் கனமாக்கி. பிறகு காத்துக்கொண்டு நின்றாள்.

அடுத்த கேள்வி என் வாயில் வரவில்லை. குனிந்து அவள் இடுப்பு நாடாவை அவிழ்க்கத் தொடங்கினேன். 

பள்ளிக்கூடத்துக்காரர்கள் விழாப் படத்தைப் போனில் எல்லோருக்கும் அனுப்பினார்கள். எப்படியோ அது எங்கள் சொந்த ஊர்வரை போய்விட்டது. மருமகளின் அண்ணன் கூப்பிட்டான். போனில் அவன் குரல் எனக்கே கேட்டது. "தொந்தி நல்லாத்தான் இருக்கு. துக்கத்தைத்தான் காணோம்" என்றான். அவள் போனை வைத்துவிட்டு அரிசி களையப் போனாள். நான் திருப்பிக் கூப்பிட்டு, செய்தது நான்தான் என்றேன். "நீங்க பெரிய மனுஷன், மருமகளுக்குப் பரிஞ்சு பேசுதீய" என்றான். பொங்கலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு போன்கூட வரவில்லை.

அதற்கப்புறம் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். தலைமை டீச்சர் மைக்கில் பேசினார். துக்கத்தில் இருந்த ஒரு குழந்தையை நம் பள்ளி சிரிக்க வைத்தது என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். நான் பின் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வரும். இருந்தாலும் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நல்ல பேர் பள்ளிக்கூடத்துக்குப் போயிற்று, கெட்ட பேர் மருமகளுக்குப் போயிற்று. இரண்டும் எனக்குச் சேர வேண்டியவை. டீச்சர் போட்டு வைத்தது ஒரு நாற்காலிதான். பெற்றவள் வேண்டாம் என்றுதான் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் போய்க் கேட்டவன் நான், சட்டை எடுத்தவன் நான், வயிறு தைத்துக் கட்டி, கையைப் பிடித்துக் கூட்டிப்போனவன் நான். தலைமை டீச்சர் அடுத்த கூட்டத்தில் இதை அதே மைக்கில் சொல்ல வேண்டும். ஊர்க்காரர்கள் ஆடியில் என் மகனின் வருஷத் திதிக்கு வருவார்கள். வந்து அந்தப் பெண்ணை ஒரு வார்த்தை கேட்கக் கூடாது. கேட்க இருப்பதை என்னிடம் கேளுங்கள். இதைச் செய்தவன் நான்.