கல்லறைத் திருநாளுக்கு அவிழாத ரோஜா

நாலு நாளாக விடாத மழை. கருவடிக்குப்பத்தில் நான் இப்போது குடியிருக்கும் மாடி வீட்டு பால்கனியில், காலையில் காபியோடு போய் நின்றேன். தொட்டி ரோஜாவில் ஒரே ஒரு மொட்டு. வெளி இதழ்கள் நனைந்து, ஒன்றோடொன்று ஒட்டி, பழுப்புக் காகிதம் சுற்றியதுபோல் இறுகிக் கிடந்தன. மூக்கருகில் கொண்டுபோனேன். புளித்த வாடை. அந்த வாடை நேராக எங்கள் பழைய குருசுக்குப்பம் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டது.

அந்த வீட்டுக்குப் பின்னால் ஒரு பன்னீர் ரோஜா இருந்தது. எதிர்வீட்டு சொல்தா, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்கிக்கொண்டிருந்தவர், வெட்டிப் போட்ட குச்சி. எடுத்துவந்து நட்டவன் என் தம்பி அந்தோணி. தினமும் செம்பில் தண்ணீர் மொண்டு வந்து, பாதியைத் தன் கால்சட்டையிலேயே ஊற்றிக்கொள்வான். செடி முதல் பூ விடுவதற்குள், ஒரு மழைக்காலத்தில் மூச்சிரைப்பு வந்து போய்விட்டான். அவனுக்கு ஆறு வயது. எனக்கு ஒன்பது.

அதன்பிறகு ஒவ்வொரு நவம்பரிலும் கல்லறைத் திருநாளுக்கு, அவன் சிலுவையடியில் வைக்க, அம்மாவுக்கு அந்தச் செடியின் பூதான் வேண்டும். திருநாள் வருவதோ, பாருங்கள், அடைமழையில். மற்ற நாளெல்லாம் கொத்தாகப் பூக்கிற செடி அந்த வாரம் மட்டும் மொட்டோடு நின்றுவிடும். மழை தப்பினால் கடற்காற்றில் இதழோரம் கருகும். அப்பா சலித்துக்கொள்வார்.

"மார்க்கெட்ல சாமந்தி மாலை வாங்கியாறேன், விடேன்."

"அவன் தண்ணி ஊத்துன செடி இது" என்பாள் அம்மா. அதோடு பேச்சு முடிந்துவிடும்.

நான் ஜெராக்ஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்த வருஷம், எனக்குத் தெரியாதது உலகத்தில் எதுவுமில்லை என்று நினைப்பு. அந்தத் தடவை பதினொரு மொட்டு. கடையிலிருந்து பிளாஸ்டிக் கவர்கள் கொண்டுவந்து, ஒவ்வொரு மொட்டுக்கும் மாட்டி ரப்பர் பேண்ட் போட்டேன். "இனிமே ஒரு சொட்டு உள்ள போவாதும்மா" என்று பெருமை வேறு. அம்மா நம்பினாள். அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

நடுவில் இரண்டு நாள் வெயில் அடித்தது. கவருக்குள் ஆவி கட்டியதைப் பார்த்தேன், கழற்றத் தோன்றவில்லை. திருநாள் காலையில் அம்மா கவர்களை அவிழ்த்தாள். பதினொன்றிலும் சாம்பல் நிறத்தில் பூஞ்சை பூத்திருந்தது. தொட்டதும் இரண்டு மொட்டு காம்பை விட்டுக் கையோடு வந்தது.

"இதுக்கும் மூச்சு முட்டிடுச்சுடா" என்றாள். திட்டியிருந்தால் தேவலை.

படியில் உட்கார்ந்து, அழுகின இதழ்களை நகத்தால் ஒவ்வொன்றாக உரித்தாள். ஒரே ஒரு மொட்டின் உள்ளே மட்டும் கொஞ்சம் ரோஸ் நிறம் மிச்சமிருந்தது, சுண்டைக்காய் அளவு. அதை முந்தானையில் பொத்திக்கொண்டு மழையில் நடந்தாள். கல்லறைத் தோட்டம் முழுக்க மாலைகள், அணைந்த மெழுகுவர்த்திகள். தம்பியின் சிலுவையடியில் அந்தச் சுண்டைக்காயை வைத்தாள்.

"அண்ணன் தெரியாம பண்ணிட்டாண்டா. கோச்சுக்காத" என்று மண்ணைப் பார்த்துச் சொன்னாள். நான் குடையைப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தேன்.

அடுத்த வருஷம் அப்பா சாமந்தி மாலை வாங்கிவந்தார். அம்மா அதையே வாங்கிக்கொண்டு நடந்தாள்.

பிறகு ஒரு புயலில் செடி வேரோடு போயிற்று. வீட்டை விற்றோம். அப்பா போனார், அம்மாவும் போய்விட்டாள். தம்பியை யாரும் போட்டோ எடுத்து வைக்கவில்லை. அவன் சிரித்தால் ஒரு கன்னத்தில் மட்டும் குழி விழும் என்று அம்மா சொல்வாள். எந்தக் கன்னம் என்று எனக்கு ஞாபகமில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளவும் இப்போது ஆளில்லை.