யாராவது ஒரு குச்சி திருடியிருந்தால்

பூட்டுக்காரர் வீட்டு ரோஜாவைப் பார்க்காதவர் அந்தச் சந்தில் யாருமில்லை. தொட்டவரும் யாருமில்லை. தொட்டால் அந்த மனுஷன் வாய் சும்மா விடுமா?

வீட்டுக்கு முன்னால் ஒரு சின்ன சிமெண்டு முற்றம், அதற்கு இரும்புக் கம்பிக் கதவு. உள்ளே, பாதியாக அறுத்த ஒரு பீப்பாயில் அந்தச் செடி. இடுப்பு உயரத்துக்குப் புதராக அடர்ந்து, கொத்துக் கொத்தாகப் பூக்கும். இதழ் மேல் இதழாகத் திணித்து வைத்த அடர்ந்த ரோஸ் நிறம். எந்த வெயிலுக்கும் வெளுக்காது. வாசனையோ, சந்து முனையில் திரும்பும்போதே வந்து கையைப் பிடித்து இழுக்கும். இரண்டு ஜாதி ரோஜாவுக்கு மகரந்தம் மாற்றி, காய் பழுக்கக் காத்திருந்து, விதை போட்டு, முளைத்ததில் தேறாததையெல்லாம் பிடுங்கி எறிந்து, பூட்டுக்காரர் தானாக உண்டாக்கிய செடி அது. உலகத்தில் வேறெங்கும் கிடையாது. இதை அவர் சொல்லாத ஆள் பாக்கியில்லை.

அவர் மனைவியைச் சந்தில் எல்லோரும் ஜிப்பக்கா என்பார்கள். பேன்ட், பை, சட்டை எதில் ஜிப் போனாலும் அவளிடம்தான் வரும். வாசலறையில் மெஷினைப் போட்டுக்கொண்டு நாளெல்லாம் பல் போன ஜிப்புகளைப் பிரித்துக்கொண்டிருப்பாள். "எனக்குச் சக்களத்தி வேற எங்கயும் இல்ல, வாசல்லயே நிக்கிறா. அவளுக்குத்தான் முதல்ல தண்ணி, எனக்கு அப்புறம்தான் காப்பி," என்று வருகிறவர்களிடம் சிரித்துக்கொண்டே சொல்வாள். சிரிப்பில் பாதி நிஜம்.

பூட்டுக்காரருக்குப் பூட்டுத்தான் பிழைப்பு. பூட்டை நம்பிப் பிழைக்கிறவன் மனுஷனை நம்புவானா? வீட்டிலிருந்து முற்றத்துக்குத் திறக்கும் கதவை அடைத்துவிட்டு, போக்குவரத்தையெல்லாம் பின்வாசலுக்கு மாற்றி, கம்பிக் கதவுக்குத் தன் கையாலேயே ஒரு பூட்டுச் செய்து போட்டிருந்தார். ஒரே சாவி. அது அவர் சட்டைப் பையில். ஜிப்பக்காவே முற்றத்துக்குப் போக வேண்டுமென்றால் கேட்டுத்தான் வாங்க வேண்டும். ஒரு குச்சி வெளியே போனால் நாளைக்கு எவனாவது "இது என் செடி" என்று பெயர் வைத்துவிடுவான் என்பது அவர் பயம். சரி, தானாவது இன்னொன்று வளர்த்துக்கொண்டாரா? குச்சி வெட்டி நட்டுப் பார்த்தார், மண்ணை மாற்றிப் பார்த்தார், நிழலில் வைத்தார், வெயிலில் வைத்தார். அவர் நட்ட குச்சியெல்லாம் அடியில் கறுத்து அழுகியதே தவிர ஒன்றுகூடப் பிடிக்கவில்லை.

கோடை உச்சத்தில் ஒருநாள், கடையில் சாவிக்கு அரம் போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். பக்கத்துக் கடைக்காரர்கள் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு ஜிப்பக்காவுக்குச் சொல்லியனுப்பினார்கள். தையல் ஊசியை எடுக்காமல் துணியிலேயே விட்டுவிட்டு, பின்வாசல் வழியாக ஓடினவள்தான். நெஞ்சில் வயரும் மூக்கில் குழாயுமாக மனுஷன் கிடக்கும்போது செடி ஞாபகம் யாருக்கு வரும்? வெளியூரிலிருந்து மகள் வந்து அழுதாள், இருந்தாள், போனாள். ஜிப்பக்கா ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே கிடந்தாள்.

அவர் கண் விழித்து நாலு வார்த்தை பேசத் தொடங்கியதும் முதல் கேள்வியே அதுதான்.

"செடிக்குத் தண்ணி ஊத்துறியா?"

ஜிப்பக்காவுக்கு அப்போதுதான் செடி ஞாபகமே வந்தது. "ஊத்துறேங்க," என்றாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த பையைத் துழாவி, அவர் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு, வந்த ஆட்டோவில் ஏறி வீட்டுக்கு வந்தாள்.

கம்பிக் கதவுக்கு வெளியே நின்றபோதே தெரிந்துவிட்டது. இலையெல்லாம் உதிர்ந்து பீப்பாயைச் சுற்றிக் கிடந்தது. பூக்கள் பூவாகவே காய்ந்து காப்பித்தூள் நிறத்தில் தொங்கின. மண் பீப்பாயின் ஓரத்தை விட்டு விலகி, கை நுழையும் அளவுக்கு வெடித்திருந்தது. பூட்டைத் திறந்து, குடம் குடமாக ஊற்றினாள். ஊற்றிய தண்ணீர் நிற்காமல் வெடிப்பு வழியே அடியில் ஓடிச் சாக்கடைக்குப் போனது.

உயிர் இருக்கிறதா என்று பார்க்க அவர் என்ன செய்வார் என்று அவளுக்குத் தெரியும். கட்டை விரல் நகத்தால் பட்டையைச் சுரண்டினாள். பச்சை தெரிந்தால் உயிர். பழுப்பாக இருந்தது. இன்னும் கீழே சுரண்டினாள், பழுப்பு. ஒவ்வொரு கிளையாக, முள் குத்தக் குத்தச் சுரண்டிக்கொண்டே போனாள். அடித்தண்டில், மண்ணை ஒட்டி, நூல் அளவுக்குப் பச்சை தெரிந்தது.

"என் தாயே, போயிடாதடி," என்று சக்களத்தியைக் கெஞ்சினாள். எல்லாக் கிளையையும் வெட்டிப் போட்டாள். பழைய புடவையை நனைத்துச் சுற்றினாள். பீப்பாய்க்கு மேல் போர்வையால் நிழல் கட்டினாள். அடுத்த நாள் சுரண்டியபோது அந்தப் பச்சையும் கறுத்திருந்தது.

மகளுக்குப் போன் செய்தாள். "அம்மா, செடிதானேம்மா! அப்பா பொழைச்சு வந்ததே பெருசு," என்றாள் மகள். செடிதான். பெற்ற மகளுக்குத் தெரியாதது இல்லை, ஆனாலும் செடிதான் என்கிறாள். ஜிப்பக்கா போனை வைத்துவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் தனியாகக் கூப்பிட்டு, "அவர் மனசை அலட்டுற மாதிரி எதுவும் வேண்டாம்மா," என்று வேறு சொல்லி வைத்தார். அதற்குப் பிறகு பொய்க்கு மேல் பொய். பூட்டுக்காரர் சாமானியப் பொய்யோடு விடுகிற ஆளா?

"மொட்டு இருக்கா?"

"இருக்குங்க. நிறைய."

"நிறையன்னா? எந்தப் பக்கம்?"

"எல்லாப் பக்கமும்தான்."

"சுவர்ப் பக்கத்துக் கிளையில இலையெல்லாம் கறுப்புப் புள்ளியா இருந்துச்சே, போச்சா?"

"போச்சுங்க," என்றாள் ஜிப்பக்கா. அது ஒன்றாவது நிஜம்.

வீட்டுக்கு வரத்தானே போகிறார், வந்தால் முதலில் பார்ப்பது அந்த முற்றத்தைத்தானே? யோசித்து யோசித்து அவள் தலை வெடித்தது. நர்சரிக்குப் போய் அதே நிறத்தில் ஒன்றை வாங்கி வைத்தால்? இருட்டில் இலையைத் தடவியே என்ன ஜாதி என்று சொல்கிற மனுஷன் அவர். அப்போதுதான் அந்த நினைப்பு வந்தது. இத்தனை வருஷம் இவர் ஈ காக்கை அண்ட விடாமல் காத்தாரே, இவர் கண்ணில் மண்ணைத் தூவி யாராவது ஒரு குச்சி ஒடித்திருக்க மாட்டார்களா? சந்தில் ஒரு திருடனாவது இருக்க மாட்டானா? கடவுளே, ஒரே ஒரு திருடன்!

வீடு வீடாக ஏறினாள்.

சலவைக்காரி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வாயில் கை வைத்தாள். "நானா? ஒரு தடவை கம்பி வழியா மூக்கை நீட்டி மோந்து பார்த்ததுக்கே என் மூக்கைப் பத்தி ஒரு வாரம் பேசினாரே உங்க வீட்டுக்காரர்!"

"திட்டறதுக்குக் கேக்கலடி. எடுத்திருந்தா சொல்லு. உன் காலைக் கழுவிக் குடிக்கிறேன்."

"எடுத்திருந்தா குடுக்க மாட்டேனா, ஜிப்பக்கா? எடுக்கலையே."

மாடி வீட்டு வாத்தியாரம்மா, "எனக்கு உயிர் மேல ஆசை இருக்கும்மா," என்று ஆரம்பித்து, ஜிப்பக்காவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். அப்புறம் மெதுவாக, "மாடியிலேர்ந்து பார்த்துட்டேதான் இருந்தேன். வாடுச்சு. ஒரு பைப்பைப் போட்டுக் கம்பி வழியா பீச்சியிருக்கலாம். செடி பட்டுப்போனா நான்தான் வெந்நீர் ஊத்திட்டேன்னு சொல்லுவாரோன்னு பயமா இருந்துச்சு," என்றாள்.

எல்லார் வீட்டிலும் இதே பதில்தான். எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். எல்லாரும் யோக்கியர்கள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்களே, இங்கே தவளை வாய் திறந்ததற்குச் செடி செத்தது. அந்தச் சந்தில் இப்படி ஒரு யோக்கியத்தனத்தை வளர்த்து வைத்ததற்கு ஜிப்பக்கா புருஷனை மனசுக்குள் வாய்க்கு வந்தபடி திட்டினாள். திட்டிக்கொண்டே அழுதாள்.

பாக்கி இருந்தது ஒரே வீடு, எதிரில் இருக்கும் பேக்கரி. பேக்கரிக்காரர் ஒருகாலத்தில் பூட்டுக்காரருக்கு உடன்பிறவாத தம்பி. காலையில் முதல் ரொட்டி பூட்டுக்காரர் வீட்டுக்கு வந்த பிறகுதான் கடைக்குப் போகும். ஒருநாள் செடியில் ஒரு கிளை சாய்வாக, சுத்தமாக வெட்டப்பட்டிருந்ததைப் பூட்டுக்காரர் பார்த்தார். அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. சில வாரம் கழித்து, பேக்கரியின் பின் ஜன்னலில் குச்சி நட்ட ஒரு தொட்டியும் அதன் மேல் கவிழ்த்த கண்ணாடிப் புட்டியும் இருப்பதாக யாரோ சொல்ல, கடைக்கு முன்னால் போய் நின்று, வாடிக்கையாளர்கள் பார்க்க, "திருட்டுப் பயலே, என் வீட்டு ரொட்டியைத் திருப்பிக் குடுத்துட்டு என் செடியைக் குடுடா!" என்று கத்தினார். யார் ரொட்டி யார் வீட்டுக்கு வந்தது என்றுகூட ஞாபகமில்லாத கோபம். பேக்கரிக்காரர், "நான் எடுக்கல," என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு உள்ளே போனார். அதோடு பேச்சு நின்று வருஷக்கணக்காகிவிட்டது. எந்த முகத்தோடு போய்க் கேட்பது என்றுதான் ஜிப்பக்கா அந்த வீட்டைக் கடைசிக்கு வைத்திருந்தாள்.

ஜிப்பக்கா பேக்கரிக்குள் நுழைந்தபோது அவர் மாவு பிசைந்துகொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்து, "அண்ணன் எப்படி இருக்காரு அண்ணி?" என்றார்.

அந்த "அண்ணி"யைக் கேட்டதும் ஜிப்பக்கா நேரே மாவுப் பலகையருகே போய் நின்றாள். "தம்பி, நீங்க திருடியிருந்தா நான் கும்பிடறேன். எடுத்தேன்னு சொல்லுங்க. எங்க வெச்சிருக்கீங்கன்னு சொல்லுங்க."

அவர் மாவிலிருந்து கையை எடுக்கவில்லை.

"எடுத்தேன் அண்ணி."

ஜிப்பக்கா இரண்டு கையையும் கூப்பிவிட்டாள். "நல்லா இருப்பீங்க! எங்க? எங்க இருக்கு?"

"ரெண்டு தடவை கேட்டேன், தர மாட்டேன்னுட்டாரு. ஆசைதான் அண்ணி, வேற ஒண்ணுமில்ல. கம்பி வழியா கையை விட்டு ஒண்ணு வெட்டிப் பின்னாடி ஜன்னல்ல வெச்சேன். பூத்ததும் அதைத் தூக்கிட்டுப் போய் அண்ணன் முன்னாடி வெச்சு, திட்டுனா வாங்கிக்கலாம்னு இருந்தேன். அதுக்குள்ள வாசல்ல வந்து கத்துனாரு. கடை நிறைய ஆளுங்க. எம் பொண்ணு கல்லாவுல உக்காந்திருக்கா. அவமானம் பொறுக்கல. எடுக்கலைன்னு சொல்லிட்டு உள்ள வந்து, தொட்டியிலேர்ந்து பிடுங்கி அடுப்புல போட்டுட்டேன்." சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். "பிடுங்கும்போது பார்த்தேன், வேர் விட்டிருந்துச்சு. வெள்ளை வேர். ரெண்டு இலையும் புதுசா வந்திருந்துச்சு."

ஜிப்பக்கா கேட்டுக்கொண்டு நின்றாள். யாரைத் திட்டுவது? அவர் ஒரு ரொட்டியைக் காகிதத்தில் சுற்றி நீட்டினார். வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தாள்.

பூட்டுக்காரர் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகத்தில் தெளிவு. "நாளைக்கு வீட்டுக்குப் போகலாம்னுட்டாங்க," என்றார். இனி மென்று முழுங்க இடமில்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டு, எல்லாவற்றையும் சொன்னாள். பூட்டு, சாவி, வெயில், நகத்தால் சுரண்டியது, நூல் அளவுப் பச்சை கறுத்துப்போனது. பேக்கரியை மட்டும் விட்டுவிட்டாள்.

மனுஷனுக்கு என்ன ஆகுமோ என்று நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவரோ அவள் கையைத் தட்டிக் கொடுத்தார். சிரித்தார்கூட.

"அழாத. ஒண்ணு இருக்கு. அந்தத் திருட்டுப் பயகிட்ட."

ஜிப்பக்கா பிடித்திருந்த கையை விட்டுவிட்டாள்.

"ஊருக்காகக் கத்தினேன். ஆனா உள்ளுக்குள்ள எனக்கு நிம்மதிதான்டி. என் செடிக்கு ஒண்ணு ஆனாலும் அவன்கிட்ட ஒண்ணு வளருதுன்னு. இல்லைன்னா நான் ராத்திரி தூங்கியிருப்பேனா? நாளைக்குப் போற வழியில அவன் கடையில இறங்குவோம். மன்னிப்புக் கேக்கறேன். கால்ல விழச் சொன்னாலும் விழறேன். ஒரு குச்சி குடுக்காமலா போயிடுவான்?"

சொல்லாமல் இருந்துவிடலாம். ஒரு ராத்திரியாவது நிம்மதியாகத் தூங்கட்டும். ஆனால் நாளைக்கு அவர் ஆளுங்க மத்தியில் போய் நின்று, இல்லாத செடியைக் கேட்டுக் கையேந்துவதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

"அவர்கிட்ட இல்லீங்க. போய்க் கேட்டுட்டேன். எடுத்தது நிஜம். நீங்க கத்தின அன்னைக்கே அடுப்புல போட்டுட்டாராம்."

பூட்டுக்காரர் கத்தவில்லை. நெஞ்சைப் பிடிக்கவில்லை. பக்கத்துக் கட்டில்காரர் இருமி முடிக்கும் வரை காத்திருந்தவர்போல, தணிந்த குரலில் கேட்டார்.

"வேர் விட்டிருந்துச்சா?"

இல்லை என்று சொல்ல ஜிப்பக்கா வாயைத் திறந்தாள். இத்தனை நாள் சரளமாக வந்த பொய் இப்போது வரவில்லை.

"விட்டிருந்துச்சாம். ரெண்டு இலையும் வந்திருந்துச்சாம்."

"எனக்கு ஒண்ணுகூட விட்டதில்லையேடி," என்றார் பூட்டுக்காரர். "அவன் கையில பிடிச்சுக்கிச்சே. பிடிச்சதைப் போய் நான் எரிக்க வெச்சுட்டேனே." அப்புறம் அந்த வார்டே திரும்பிப் பார்க்கும்படி வாய்விட்டு அழுதார்.