தாராவியில பொறந்தும் பார்க்காத எலிஃபண்டா

காலையில வேலைக்குக் கிளம்பிக் கதவைத் திறந்தா, வெளிய கால் வைக்க இடமில்ல. தாராவியச் சுத்திப் பார்க்க வந்த வெளிநாட்டுக்காரங்க எங்க சந்துல வழிய அடைச்சுக்கிட்டு நிக்காங்க.

கைடு என் வீட்டைக் காட்டி இங்கிலீஷ்ல சொல்லுதாரு: "இந்த ஒரே ரூம்ல அஞ்சு பேரு. ஆனா சந்தோஷமா இருக்காங்க."

நானும் இங்கிலீஷ்லயே சொன்னேன். "சந்தோஷம் இருக்கட்டும், வழி விடுங்க. டிரெயின் போயிரும்."

எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு அழுகைதான் வந்துச்சு.

ஒரு அம்மா மட்டும் "ஸாரி"ன்னு சுவரோட ஒட்டி நின்னு வழி விட்டாங்க. "நாளைக்கு எலிஃபண்டா தீவுக்குப் போறோம். குகையெல்லாம் நல்லாருக்குமா?"ன்னு கேட்டாங்க.

இங்கயே பொறந்து வளர்ந்தவ நான். அந்தத் தீவுக்குப் போற படகுல ஒருநாளும் ஏறினதில்ல. "தெரியலையே"ன்னேன்.

டிரெயின்ல ஏறினதும் வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். "ஞாயித்துக்கிழமை எலிஃபண்டா போவமா?"

"அங்க என்னட்டி இருக்கு?"ங்காரு.

போனவங்க யாராச்சும் சீக்கிரம் சொல்லுங்கப்பா, மனுசன் லைன்லயே இருக்காரு.