நான் எண்ணாத மூன்று நாள்கள்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், ஜார்ஜ் டவுன் ஆய்வுக்கூடம் ஒன்றில் எனக்கு வேலை. சாடித் தண்ணீரில் வளரும் நுண்ணிய நீர்ப்பூச்சிகளைத் தினமும் மைக்ராஸ்கோப்பில் எண்ணிப் பதிவேட்டில் எழுத வேண்டும். அவை நாளுக்கு நாள் இரட்டிப்பாயின. இரட்டிப்புக் கணக்கெல்லாம் அறிந்த மேதை நான். ஆகவே கடைசி மூன்று நாளும் பார்க்காமலே இரட்டிப்பாக்கி எழுதினேன்.

நான்காம் நாள் தலைமை அதிகாரி பார்த்தார். சாடி தாங்கும் அளவுக்கு மேல் பெருகி, தம் கழிவிலேயே அத்தனையும் மடிந்திருந்தன.

"நேற்று வரைக்கும் பெருகினது இண்டைக்கு எப்படிச் சாகும்?" என்று யாழ்ப்பாணத்துக்காரரான அவர் பதிவேட்டைத் தட்டினார். தரையைக் கூட்டிக்கொண்டிருந்த துப்புரவு வேலைக்காரி அஞ்சலையிடம் திரும்பினார். "நீதான் சோப்புத் தண்ணி ஊத்திப் போட்டாய். நாளைக்கு வேலைக்கு வராதை."

"நான் சாடியத் தொடவே இல்லைங்கய்யா. அது மூணு நாளா நாறுது. இவருதான் மூக்கப் பொத்திக்கிட்டு எழுதுனாரு!"

"அஞ்சலை சொல்றது நிஜம். நான் பார்க்காமத்தான் எழுதினேன்" என்றேன்.

அதிகாரி குரலைத் தாழ்த்தினார். "பேசாமல் இரும். உம்மட பதவி உயர்வு போயிடும்."

"போகட்டும் ஐயா. அவ வேலை போகக்கூடாது."

மூன்று எண்களையும் சிவப்பு மையால் அடித்துக் கையெழுத்திட்டேன்.

அஞ்சலை மறுநாளும் வேலைக்கு வந்தாள். எனக்குக் கண்டனக் கடிதம் வந்தது. என் சான்றிதழ்களில் அதை மட்டும்தான் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன். வீட்டுக்கு வருகிறவர்கள் படித்துவிட்டுச் சங்கடப்படுகிறார்கள். நான் படுவதில்லை.